பொறுப்பர்

ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ச் சனம் சேர்ந்து நடத்தும் மண்டபத்துக்கு ஒரு காலத்தில் செயலாளராக இருந்த ஒருவரைப் பற்றி இது. ஒரு விழாவுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சிலர் சாப்பாட்டு மேசை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். இவர் முதலில் பார்ப்பது அவசர வாசலை. அதன் முன்னால் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தால் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே போய் மாப்பிள்ளையின் தகப்பனைக் கூப்பிடுவார். "உதை எடுங்கோ. நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?" என்பார். மாப்பிள்ளையின் தகப்பன் என்ன செய்வார், பாவம், கதிரை தூக்குவார்.

தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது அவருடைய விசிற்றிங் கார்ட்டில் மட்டும் இருந்தது. ஸ்காபரோவில் இருந்து ஸ்ரௌவ்வில் வரைக்கும் சனம் அவருக்கு வைத்த பெயர் பொறுப்பர். "பொறுப்பர் வாறார், மெழுகுதிரியை நூர்" என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அது அவர் காதிலும் விழும். கோபிக்கமாட்டார். மெழுகுதிரி அணைந்ததா என்று மட்டும் பார்ப்பார்.

தொழில் இன்சூரன்ஸ். எங்கள் வீடும் காரும் அவரிடம்தான் செய்தோம். ஒரு மாசி மாதம் பத்திரம் புதுப்பிக்க வீட்டுக்கு வருகிறேன் என்றார். சொன்ன நேரத்துக்குக் கார் வந்து நின்றது, ஆள் வரவில்லை. யன்னலால் பார்த்தால் பனி மூடிய நடைபாதையின் தொடக்கத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். கதவைத் திறந்து, "உள்ளுக்கு வாங்கோ அண்ணை, குளிருதெல்லோ" என்றேன்.

"சினோ வழிக்கேல்லை, உப்புப் போடேல்லை. நான் விழுந்தா ஆர் பொறுப்பு?"

"நான்தான் அண்ணை."

"நீங்கள் இல்லைத் தங்கச்சி. உங்கட இன்சூரன்ஸ். உங்கட இன்சூரன்ஸ் என்னட்டை. நான் விழுந்து, நானே எனக்கு எதிராக் கிளெயிம் எழுதவேண்டி வரும். விசர் வேலை."

நான் உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அவர் கண்முன்னால் படியெல்லாம் தூவி முடித்த பிறகுதான் மனுசன் காலடி எடுத்து வைத்தது. எனக்கு வந்த எரிச்சலில் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடவில்லை. அவர் அதையும் குடித்துவிட்டுப் போனார்.

மண்டபத்தில் உயிருள்ள நெருப்பு எரிய அவர் விட்டதில்லை. குத்துவிளக்குக்குப் பற்றறி விளக்கு. நவராத்திரிக்கு வந்த ஐயரோடு கற்பூரத்துக்காக ஒருமுறை பெரிய இழுபறி. வெளியே வாசலில் கொளுத்திக் காட்டிவிட்டு உள்ளே வரும்படி இவர் சொல்ல, "வெளியில என்ன குளிர் எண்டு தெரியுமே? சாமி உள்ளுக்கெல்லோ இருக்கிறார்" என்று ஐயர் கத்தினார். "சாமி உள்ளுக்குத்தான் இருக்கிறார் ஐயா. புகை பிடிக்கிற கருவியும் உள்ளுக்குத்தான் இருக்கு. அது அடிச்சா நெருப்பணைக்கிற படை வரும், சாமி வரமாட்டார்" என்றார் இவர். கடைசியில் ஐயர் சப்பாத்தும் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு தார்ப்பாதையில் நின்று தீபாராதனை காட்டினார். நாங்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டோம்.

நான் அந்தக் கமிற்றியில் இருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் ஏதாவது ஒன்றுக்குத் தடை போடுவார். கூட்டக் குறிப்பில் யாராவது சொல்லாத ஒரு சொல் ஏறிவிட்டால், எல்லோரும் ஜக்கெற் போட்டு வாசலுக்குப் போன பிறகும் கூப்பிட்டு இருத்தித் திருத்துவார். "தலைவர் 'செய்வம்' எண்டு சொல்லேல்லை. 'பாப்பம்' எண்டுதான் சொன்னவர்." தலைவர் பெரிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர், ஆயிரம் பேருக்குச் சாமான் கொடுப்பவர். அவரே இவருக்கு முன்னால் வாயைத் திறக்கப் பயப்படுவார்.

அப்படித்தான் அந்தப் பெட்டிக் கதையும் தொடங்கியது. நின்றுபோன இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி. பேரங்காடிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சுவரில் மாட்டியிருக்குமே, அது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ஷொக் பெட்டி. பட்மின்ரன் விளையாடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போன ஒருவரின் மனைவி, அவர் நினைவாக மண்டபத்துக்கு ஒரு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றாள். தலைவர் உடனே சம்மதித்துவிட்டார். பொறுப்பர் எழுந்து நின்றார்.

"இந்த மாகாணத்தில ஹோல் வச்சிருக்கிறவன் உதை வச்சிருக்கவேணும் எண்டு சட்டம் இல்லை. இல்லாட்டில் ஒருத்தரும் எங்களைக் கேக்கேலாது. வச்சிருந்தா? பற்றறி பாக்கவேணும், ஒட்டுற தகடுகள் காலாவதியாகுதோ எண்டு பாக்கவேணும். நல்லெண்ணத்தோட பாவிக்கிற ஆளைச் சட்டம் காப்பாத்தும். படிக்காத ஆளெண்டாலும் காப்பாத்தும். ஆனா இடத்துக்காரனை, மெசினை ஒழுங்காப் பராமரிச்சாத்தான் காப்பாத்தும். வாங்கிப்போட்டுப் பாக்காமல் விட்டா, வாங்காமல் விட்டதை விட மோசமான நிலை."

"அப்ப என்ன, சனம் செத்தாலும் பரவாயில்லையோ?" என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

அவர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். மூலையில் இருந்த அந்த மனைவிதான் மெதுவாகச் சொன்னாள். "அண்ணை, என்ர மனுசன் விழுந்த இடத்திலயும் பெட்டி இருந்தது. ஒரு அறைக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தது. திறப்பு வச்சிருந்தவர் வீட்டை போயிட்டார்."

அவர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சட்டத்தை முழுக்க வாசித்துவிட்டு வந்திருந்தார். வைப்போம் என்றார். பராமரிப்பைத் தானே பார்ப்பதாகவும் சொன்னார். இவ்வளவு கெதியில் அவர் எதற்கும் தலையாட்டியதில்லை.

பெட்டி வந்த கிழமை அவர் மகளின் அலுவலாக ஒஷாவாவுக்குப் போயிருந்தார். அந்த இடைவெளிக்குள் எங்கள் ஆட்கள் தங்கள் வேலையைக் காட்டிவிட்டார்கள். புதுக் கார் வாங்கினால் என்ன செய்கிறோம்? பூசை போடுகிறோம். இதுவும் புது மெசின்தானே. தலைவர் ஐயரைக் கூப்பிட்டு, பெட்டிக்கு மாலை போட்டு, விபூதி பூசி, நல்ல தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெட்டியின் முகப்பில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. மெசின் சரியாக இருந்தால் அதற்குள் பச்சை லைற் மினுங்கும். நெற்றி மாதிரி நடுவில் இருந்ததால் சந்தனப் பொட்டைக் கொண்டுபோய் அதற்கு மேலேயே அப்பிவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்த கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார்கள். அந்தக் கத்தரிக்கோல் பிறகு சமையலறைக்குப் போய் வாழையிலை வெட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிள்ளைகள் நோண்டிவிடுவார்கள் என்று ஒலிபெருக்கிச் சாமான்களோடு அறைக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தலைவர் தன் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். பூட்டின அறையால் புருசனை இழந்த ஒருத்தி தந்த பெட்டி அது. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, நான் உட்பட.

பொறுப்பர் திரும்பி வந்து பார்த்தார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் முன்னும் பின்னும் கண்டதில்லை.

"கோதாரி விழுவாரே! உங்களுக்கு மூளை இருக்கே? இதைத் திறப்புத் தேடி எடுக்கிறதுக்குள்ள ஒருத்தன் செத்து, செத்தவீட்டு எடுப்பும் முடிஞ்சிடும்!"

"கடவுளிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டு வைப்பம் எண்டுதான்..." என்று தலைவர் இழுத்தார்.

"கடவுளுக்குக் காட்டினது சரி. இந்த லைற்றை எனக்கு ஆர் காட்டுறது?"

காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்த சந்தனத்தை அவரே குந்தியிருந்து சுரண்டி எடுத்தார். பச்சை மினுங்கியபோது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அன்றே பெட்டி வாசல் சுவருக்கு வந்தது, பூட்டில்லாமல். கத்தரிக்கோலைச் சமையலறையில் இருந்து மீட்டு, கழுவி, துடைத்து, உள்ளே வைத்தார். பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்து திறந்து பார்த்துவிட்டுப் போவார். தனியாகத் தேவாரம் சொல்லுகிறவர் மாதிரி வாய் முணுமுணுக்கும்.

பயிற்சி வகுப்பும் அவர்தான் ஒழுங்கு செய்தார். சொல்லித்தர வந்தது இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பெட்டை. இறப்பர்ப் பொம்மையின் நெஞ்சை அழுத்திக் காட்டினாள். தகடுகளை ஒட்டிக் காட்டினாள். பொம்மை ஆம்பிளை. உடுப்பும் இல்லை. எங்களுக்குள் இருந்த ஒரு அன்ரி, "பிள்ளை, சீலை கட்டினவைக்கு எப்பிடி?" என்று கேட்டாள்.

"சேம் திங் அன்ரி. எல்லாத்தையும் கட் பண்ணோணும். பிளவுஸ், பிரா, எவ்றிதிங். பாட்ஸ் ஸ்கின்லதான் ஒட்டோணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு யாரோ கெக்கட்டம் விட்டார்கள், எல்லோரும் சிரித்தோம். பொறுப்பர் சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார்.

"ஓம் அங்கிள்?"

"அப்பிடிச் செய்யிற ஆள் ஆம்பிளையெண்டா?"

"லோ இஸ் வெறி கிளியர் அங்கிள். குட் ஃபெயித்ல செய்தா யாரும் சூ பண்ணேலாது."

"சட்டம் வழக்கில இருந்து காப்பாத்தும் பிள்ளை. சனத்திட்டை இருந்து ஆர் காப்பாத்துறது?"

அந்தப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

அன்றைக்கு அவருடைய கார் திருத்தத்துக்குப் போயிருந்ததால் நான்தான் அவரை வீட்டில் இறக்கினேன். வழியில், நான் கேட்காமலே, பார்க்டேலில் இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில் ஒரே அறையில் பலபேராக இருந்தார்களாம். அதில் ஒருவன் வெளிப்படியில் ஐஸ் சறுக்கி விழுந்துவிட்டான். அம்புலன்ஸ் கூப்பிட்டால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் அகதி வழக்கு என்னாகுமோ என்று மற்றவர்கள் பயந்து நிற்க, இவர் அவனைத் தோளில் தூக்கிப்போய்க் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். முள்ளந்தண்டில் அடிபட்டவனை அசைத்திருக்கக் கூடாது என்று அங்கே சொன்னார்களாம். அவன் பிறகு நேராக நடக்கவில்லை.

"தூக்கினதாலயோ, விழுந்ததாலயோ எண்டு ஒரு டொக்ரரும் சொல்லேல்லைத் தங்கச்சி. ஆனா அவன்ர தமையன் சொன்னவன், நான்தான் முறிச்சதெண்டு. அந்தத் தமையனோட நான் ஒரே கோப்பையில சாப்பிட்டனான். என்ர கலியாணத்துக்கும் வரேல்லை."

வீட்டு வாசலில் இறங்கி, கார்க் கதவு சரியாகச் சாத்தியதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பவானியின் அண்ணன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு எங்கள் மண்டபத்தில் நடந்தது. நல்ல வெயில் பின்னேரம். பவானி எனக்குத் தெரிந்தவள். அவளும் கணவனும் ஸ்ரௌவ்விலில் புதுவீடு வாங்கிப் போயிருந்தார்கள். மாமிக்காரி என்பதால் ஆலாத்தி எடுப்பது அவள்தான். ஊரிலும் லண்டனிலும் இருந்து சொந்தக்காரர் பார்ப்பதற்காக வீடியோக்காரர் நேரலை போட்டிருந்தார். மேடையில் தட்டை இரண்டு முறை சுற்றினாள். அப்படியே தட்டோடு முகங்குப்புற விழுந்தாள்.

"தலைசுத்தாக்கும், சோடா குடுங்கோ" என்றது ஒரு குரல். "இல்லை, வலிப்பு. கையில திறப்பைக் குடுங்கோ" என்றது இன்னொன்று. ஒருவர் ஓடிவந்து தன் கார்த் திறப்பை அவள் கைக்குள் திணித்தார். இந்தக் காலத்துக் கார்த் திறப்பில் இரும்பு எங்கே இருக்கிறது, வெறும் பிளாஸ்ரிக். ஒருத்தி உள்ளங்காலைத் தேய்த்தாள். நான் போய்ப் புரட்டிப் பார்த்தேன். மூச்சு இல்லை; எப்போதாவது ஒரு கொறட்டை மாதிரி இழுத்தது. அது மூச்சல்ல என்று அந்தப் பெட்டை சொல்லித் தந்திருந்தாள். முழங்காலில் இருந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன்.

பொறுப்பர் பெட்டியோடு வந்துவிட்டார். வரும் வழியிலேயே ஒருவரைக் கையால் காட்டி, "நீலச் சேட்டுப் போட்ட தம்பி, நைன் வன் வன் அடியுங்கோ, ஸ்பீக்கரில போடுங்கோ" என்றார். வீடியோக்காரரைப் பார்த்து, "லைவை நிப்பாட்டு!" என்று ஒரு சத்தம். பெட்டியைத் திறந்ததும் அது தன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கியது. நெஞ்சில் இருக்கும் உடுப்பை அகற்றச் சொன்னது.

அவர் கத்தரிக்கோலை எடுத்து, சுற்றி நின்ற பெண்களிடம் நீட்டினார். "ஆராவது ஒரு பொம்பிளை வெட்டுங்கோ. கெதியா."

ஒருத்தியும் கை நீட்டவில்லை. பவானியின் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். என் இரண்டு கையும் பவானியின் நெஞ்சில். அதற்குள் அவள் கணவன் மேடைக்கு ஏறிவிட்டான். கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். முகம் வெளிறி, நாக்குழறி நின்றான்.

"அண்ணை, சட்டையில கை வைக்காதேங்கோ. அம்புலன்ஸ் வரட்டும். இவ்வளவு சனம் பாக்குது."

பொறுப்பர் கத்தரிக்கோலைப் பார்த்தார், அந்தக் கணவனைப் பார்த்தார். பெட்டி மறுபடியும் அதே வசனத்தைச் சொன்னது.

"அண்ணை! என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று நான் கத்தினேன்.

அவர் முழங்காலிட்டார். "தம்பி, என்னோட பிறகு சண்டை பிடியும்" என்றார் அந்தக் கணவனிடம். பிறகு தலையை நிமிர்த்தி, மண்டபம் முழுக்கக் கேட்க, "ஆம்பிளையள் எல்லாரும் சுத்திவர வந்து நில்லுங்கோ. முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ. ஒருத்தனும் இஞ்சால பாக்கக் கூடாது!" என்றார். பட்டுவேட்டிகளும் கோட்டுகளும் வந்து எங்களைச் சுற்றி மதில் மாதிரி நின்றன. அவர் சீலை ஊசியைப் பிடுங்கினார். சட்டையை நடுவால் வெட்டினார், உள்ளுடுப்பையும் வெட்டினார். தாலிக்கொடி தகடு ஒட்டும் இடத்தில் கிடந்தது. எங்கள் தாலிக்கொடி எவ்வளவு பாரம் என்று எல்லோருக்கும் தெரியும். அதை இரண்டு விரலால் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார். தகடுகளை ஒட்டினார். "தங்கச்சி, கையை எடுங்கோ. ஒருத்தரும் தொடாதேங்கோ."

அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது. நான் திரும்பவும் அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கை ஓயப்போகிற நேரம் அவள் முனகினாள். கை அசைந்து என் மணிக்கட்டைத் தள்ளியது. அவர் தன் கோட்டைக் கழற்றி அவளைப் போர்த்தினார். அம்புலன்ஸ்காரர் வந்தபோது அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பவானி பிழைத்தாள். நெஞ்சுக்குள் சின்னக் கருவி ஒன்று வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெரிய சந்தோசத்தை நாங்கள் சந்தோசமாக வைத்திருக்கவில்லை. முதுகு காட்டி நின்ற ஆம்பிளைகளின் தலைக்கு மேலால் எவனோ போனை உயர்த்திப் பிடித்து எடுத்த ஒரு துண்டு வீடியோ வட்ஸ்அப்பில் போனது. அதில் பவானியின் முகம் தெரியவில்லை. பொறுப்பரின் முகமும் கத்தரிக்கோலும் வடிவாகத் தெரிந்தன. முதலில், சட்டையை வெட்டினவர் என்றார்கள். பிறகு, புருசன் வேண்டாம் எண்டு மறிக்க மறிக்க வெட்டினவர் என்றார்கள். கொஞ்ச நாளில் அது, தாலியைக் கழட்டினவர் என்று ஆகி, கடைசியில் தாலியை அறுத்தவர் என்று பாரிஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எந்தப் பெண்ணின் தாலியும் அறுபடவில்லை; அவள் புருசனின் பெண்சாதியைத்தான் அவர் காப்பாற்றிக் கொடுத்தார். இதை நான் எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தினேன்! "நீங்களும்தானே பக்கத்தில நிண்டனீங்கள், உங்கட கையால செய்திருக்கலாமே" என்று என்னையே கேட்டார்கள். விசர்ச் சனம்.

மரக்கறிக் கடையில் அவருடைய மனைவியை ஒருத்தி நிறுத்தி, "உங்கட இவர்தானே அவர்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த மனுசி கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. அவரும் மண்டபத்துக்கு வருவதைக் குறைத்தார். ஆனால் பெட்டியைப் பார்க்க வருவார், ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து. அப்படி ஒருநாள் நான் அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, பவானி வீட்டார் வழக்குப் போடுவினமோ?"

"வழக்குப் போட்டா என்னட்டைப் பதில் இருக்கு. சட்டம் இருக்கு. அவை வழக்குப் போடேல்லைத் தங்கச்சி. அதுதான் கரைச்சல்."

பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு, வேலை இருக்கு என்று போய்விட்டார். எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்த நாட்கள்தான் அதிகம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

வருடப் பொதுக்கூட்டத்தில் அவர் செயலாளராகத் தொடரலாமா என்ற கேள்வியைப் பவானியின் கணவனுடைய ஆட்கள் கொண்டுவந்தார்கள். கணவன் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். கதைத்தது அவனுடைய பெரியப்பா மகன். "உயிரைக் காப்பாத்தினது நன்றி. நாங்கள் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா புருசன் வேண்டாம் எண்டவர். சம்மதம் இல்லாமல் ஒரு குடும்பப் பொம்பிளையின்ர உடுப்பில கை வச்ச ஆள் எங்களுக்குச் செயலாளரா இருக்கேலாது. இருந்தா எங்கட ஆக்கள் இந்த ஹோலுக்கு வரமாட்டினம்." தலைவர் தொண்டையைச் செருமினார். செருமிக்கொண்டே இருந்தார். பொறுப்பர் பின்வரிசையில் இருந்தார். ராஜினாமாவைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவர் மனைவி எனக்கு முதல்நாள் சொல்லியிருந்தாள். செயலாளர் பதவியும் போனால் அந்தக் குடும்பத்துக்கு வெளியே தலை காட்ட முகம் இருக்காது.

அப்போது பவானி உள்ளே வந்தாள். மெலிந்து, ஒரு சுரிதார் போட்டுக்கொண்டு. தனியாக டக்ஸி பிடித்து வந்திருக்கிறாள். அவள் வருவாள் என்று கணவனுக்கே தெரியாது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் நேரே போய் மைக்கைப் பிடித்தாள்.

"அண்ணை என்னைக் கேட்டவர்" என்றாள். "தங்கச்சி, சட்டையை வெட்டட்டோ எண்டு என்னைக் கேட்டவர். நான் ஓமெண்டனான். நான் சொல்லித்தான் அவர் வெட்டினவர்."

பெரியப்பா மகன் எழுந்தான். "நீங்கள் அப்ப உணர்வில்லாமல் எல்லோ கிடந்தனீங்கள்?"

"நீங்கள் என்ர பக்கத்திலயோ கிடந்தனீங்கள்?"

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். "பவானி, என்ன கதையப்பா இது?" என்றான் கணவன். அவள் அவனைப் பார்க்கவில்லை.

பெரியப்பா மகன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்கள்தானே நெஞ்சை அழுத்தினது. நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. இவ கதைச்சவவோ?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. சட்டையை வெட்டிய அந்த நேரம் என் உள்ளங்கைக்குக் கீழே அவள் நெஞ்சு அடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பின்வரிசையில் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவள் சொன்னது சரியில்லை என்று சொல்லப்போகிறார். அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. வாயைத் திறந்துவிட்டார்.

நான் முந்திக்கொண்டேன்.

"ஓம்" என்றேன். "கதைச்சவ. எனக்கு வடிவாக் கேட்டது."